வராமல் போன விமானங்கள்: கப்பல்தளப் போர்விமான மாதிரிகளும் மாற்று வரலாறும்

1991 அக்டோபர் 5. சோவியத் கடற்படையின் ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ கப்பலில் செங்குத்தாக இறங்க வந்த யாக்-141 சோதனை விமானம் தளத்தில் பலமாக மோதியது. எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானி வெளியேற்று இருக்கையால் உயிர் தப்பினார். அடுத்த மூன்று மாதங்களுக்குள் சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. யாக்-141 திட்டமும் அதோடு முடிந்தது.

கப்பலின் கதை முடியவில்லை. 2004இல் இந்தியா அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. ரஷ்யாவின் செவெரோத்வின்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் பல ஆண்டுகள் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, 2013 நவம்பர் 16 அன்று அது ‘ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா’ என்ற பெயரில் நம் கடற்படையில் சேர்ந்தது. நம் மிக்-29கே விமானங்கள் அந்தக் கப்பலிலும் இறங்குகின்றன. ஒலியை மிஞ்சிய வேகமும் செங்குத்தாக இறங்கும் திறனும் கொண்ட ஒரு விமானம், பின்னாளில் இந்தியக் கப்பலான ஒன்றின் மேல் இறங்கிப் பார்த்து, விழுந்து, வரலாற்றிலிருந்து மறைந்திருக்கிறது. அந்த விபத்து நடக்காமல், பணத் தட்டுப்பாடும் இல்லாமல் இருந்திருந்தால்? யாக்-141இன் வாலில் நம் 300ஆம் ஸ்குவாட்ரனின் வெள்ளைப் புலி இருந்திருக்குமா?

இந்தக் கேள்வியைப் பிளாஸ்டிக்கில் கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 1/72 அல்லது 1/48 அளவு கிட்டை வாங்கி, வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, நடக்காத ஒரு வரலாற்றின் விமானத்தைச் செய்து அலமாரியில் வைப்பது அவர்களுடைய கலை. ‘வாட் இஃப்’ மாதிரிகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிளாஸ்டிக் மாதிரிக் கலைஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 1963இல் பிரிட்டனில் தொடங்கியது. அதன் அமெரிக்கக் கிளையின் போட்டிகளில் இத்தகைய கற்பனைப் படைப்புகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனாலும் இது பொழுதுபோக்கா, வரலாற்றைப் படிக்கும் ஒரு வழியா என்ற விவாதம் ஓயவில்லை. இந்தியக் கடற்படை விமானங்களை முன்வைத்து அதைப் பரிசீலிக்கலாம் என்பது என் எண்ணம். நெய்வேலியில் உட்கார்ந்து இதை யோசிப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தரையிலிருந்து பறக்கும் விமானத்தைக் கற்பனை செய்வது எளிது. ஓடுபாதை நீளமாக இருந்தால் எதுவும் பறக்கும். கப்பல்தளம் அப்படி விடாது. இறங்கும்போது விமானம் மூக்கைத் தூக்கி மிதந்து மெதுவாகத் தொட முடியாது. ஒரே சரிவில் வந்து தளத்தில் மோதித்தான் நிற்க வேண்டும். அந்த அடியைத் தாங்கச் சக்கரக் கால்கள் தடிமனாக இருக்க வேண்டும். வாலுக்கு அடியில் கொக்கி வேண்டும். கொக்கி இழுக்கும் விசை முழுதும் உடலின் முதுகெலும்புச் சட்டங்களில் போய் இறங்க வேண்டும். லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோக இறக்கை மடங்க வேண்டும், அல்லது பிறவியிலேயே சிறியதாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத உலோகம் வேண்டும். இத்தனையும் எடை. எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும், வேகம் கூடினால் மறுபடி கால்கள் பலமாக வேண்டும்.

இந்தச் சுழலில் அமெரிக்காவே சிக்கியிருக்கிறது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் ஒரே விமானம் என்று தொடங்கிய எஃப்-111பி, எடை ஏறி ஏறி 1968இல் கைவிடப்பட்டது. ஏழே விமானங்கள்தான் கட்டப்பட்டன. எஃப்-16ஐக் கப்பலுக்கு ஏற்றதாக்கி வாட் நிறுவனம் காட்டிய வடிவத்தை 1975இல் கடற்படை ஒதுக்கிவிட்டு எஃப்-18ஐத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டன் 1966 பிப்ரவரியில் சி.வி.ஏ.-01 என்ற புதிய பெரிய விமானந்தாங்கிக் கப்பலையே ரத்து செய்தது. அந்தக் கப்பல் வந்திருந்தால் அதில் என்னென்ன பறந்திருக்கும் என்று பிரிட்டிஷ் மாதிரிக் கலைஞர்கள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மாதிரிகளில் தரம் உண்டு. ஒரு நாட்டு விமானத்துக்கு இன்னொரு நாட்டு வண்ணத்தைப் பூசி டெக்கால் ஒட்டிவிடுவது ஒரு வகை. பார்க்க அழகாக இருக்கும், கேள்வி கேட்டால் பதில் இருக்காது. வரைபலகையில் நின்றுபோன வடிவத்தை முழுமையாக்கிக் காட்டுவது இன்னொன்று. வரலாற்றின் ஒரு கண்ணியை மாற்றி, அதிலிருந்து பிறக்கும் விமானம் எப்படி இருந்திருக்கும் என்று பொறியியலோடு யோசித்துச் செய்வது மூன்றாவது. என் மதிப்பில் மூன்றாவதுதான் உயர்ந்தது. முதல் வகை ஒன்றே ஒன்று இருந்தால்தான் மதிப்புப் பெறும்: அந்த வண்ணத்துக்குப் பின்னால் ஒரு நிஜமான பேச்சுவார்த்தை இருக்க வேண்டும்.

அப்படி ஒரு பேச்சுவார்த்தை நம்மிடம் இருக்கிறது. 1983 டிசம்பரில் பிரிட்டனிடம் வாங்கிய முதல் சீ ஹாரியர் விமானங்கள் கோவாவுக்கு வந்தன. அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 1972 ஜூலையில், பிரிட்டிஷ் நிறுவனம் தன் செய்முறை ஹாரியரை நம் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தளத்தில் இறக்கிக் காட்டியிருந்தது. சீ ஹாரியர்கள் விக்ராந்திலும், 1987இல் நம் கடற்படையில் சேர்ந்த விராட்டிலும் பறந்தன. விராட் அதற்கு முன் பிரிட்டனின் ‘ஹெர்மிஸ்’. 1982 ஃபாக்லாந்து போரின் கொடிக்கப்பல். 2006இல் பிரிட்டன் தன் மேம்பட்ட சீ ஹாரியர் எஃப்.ஏ.2 விமானங்களை ஓய்வுபெறச் செய்தபோது, அவற்றில் எட்டு வரை வாங்கலாமா என்று இந்தியா பார்த்தது. அந்த விமானத்தின் பெருமையே ‘புளூ விக்சன்’ ரேடார்தான். ரேடார் இல்லாமல்தான் தருவோம் என்ற நிலை. பேரம் கைகூடவில்லை. பிறகு நம்மிடம் இருந்தவற்றிலேயே பலவற்றுக்கு இஸ்ரேலிய ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்திக்கொண்டார்கள். 2016 மே மாதம் அவையும் ஓய்வுபெற்றன.

ஆகவே இந்திய வண்ணத்தில் ஒரு எஃப்.ஏ.2 செய்வது வெறும் பூச்சு வேலை ஆகாது. கைனெடிக் நிறுவனத்தின் 1/48 கிட் இருக்கிறது. மூக்கு பருமனாக, முந்தைய சீ ஹாரியரைவிட உருண்டையாக இருக்கும். ரேடாரோடு வந்திருந்தால் ஒரு விமானம், ரேடார் இல்லாமல் வந்து இஸ்ரேலிய ரேடார் பொருத்தியிருந்தால் வேறொரு விமானம். எதைச் செய்கிறோம் என்பதைச் செய்பவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்க 2006இன் பேரத்தைப் படிக்காமல் முடியாது. மாதிரி படிக்கவைக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தியாவின் மாற்று வரலாற்றுக்கு எனக்குப் பிடித்த ஆண்டு 1961. மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. மே 18 அன்று லெப்டினன்ட் தஹிலியானி சீ ஹாக் ஜெட் விமானத்தை அதன் தளத்தில் இறக்கினார். அவர் பின்னாளில் கடற்படைத் தளபதி ஆனார். ஜூன் 17 அன்று பெங்களூரில், இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் ஜெட் போர்விமானமான எச்.எஃப்.-24 மாருத்தை சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகப் பறக்கவிட்டார். ஆகஸ்டில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி அடுக்கு முதன்முதலாக வெளிப்பட்டது. ஒரே ஆண்டில், ஆறு மாதத்துக்குள், ஒரு கப்பல், ஒரு விமானம், ஒரு சுரங்கம்.

இந்த மூன்றையும் தேதி மட்டும் இணைக்கவில்லை. மாருத்தை வடிவமைத்தவர் குர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரில் ஃபோக்கவுல்ஃப் 190ஐ உருவாக்கியவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவுக்குப் போய் அங்கே ‘புல்கி 2’ ஜெட் விமானத்தைச் செய்தார். அது 1950இல் பறந்தது. அங்கே அரசியல் மாறியதும் 1956இல் பெங்களூர் வந்தார். அதே 1956 நவம்பரில்தான் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. பின்பு எங்கள் சுரங்கத்துக்கு ஜெர்மானிய பக்கெட் வீல் எந்திரங்கள் வந்தன, மின்நிலையம் சோவியத் உதவியால் எழுந்தது. கடற்படை பிரிட்டனிடம் கப்பல் வாங்கி, பிரான்ஸின் அலிசே விமானத்தை அதில் ஏற்றி, பிறகு ரஷ்யாவின் மிக்-29கே வரை வந்தது. எங்கிருந்தோ வந்த எந்திரத்தை இந்த மண்ணுக்கும் இந்தக் கடலுக்கும் பழக்குவதுதான் அந்தத் தலைமுறை இந்தியப் பொறியாளர்களின் தினசரி வேலை.

நெய்வேலியில் அந்த வேலை கண்ணுக்குத் தெரியும். ஜெர்மனியில் மென்மையான மண்ணை வாரிய பக்கெட் பற்கள், இங்கே கடலூர் மணற்கல்லில் தேய்ந்து போயின. வெடிவைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே எந்திரத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பற்களின் வடிவமும் உலோகமும் மாற வேண்டியிருந்தது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நின்ற ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். வாங்கிய எந்திரம் வாங்கிய வடிவத்திலேயே எங்கும் வேலை செய்யாது என்பது இந்த ஊரின் பணிமனைகளுக்கு நன்றாகத் தெரியும். கப்பல்தள விமானமும் அப்படித்தான். தரை விமானத்தைக் கப்பலுக்குப் பழக்கும் போது என்னென்ன மாறும் என்று யோசிக்கத் தெரிந்த கண் இந்த ஊரில் இருக்கிறது. ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் பிரமாண்டமான பக்கெட் வீல் எந்திரம் ஒன்றையே 1/200 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக விற்றிருக்கிறது. நெய்வேலிப் பிள்ளைகள் மாதிரிக் கலைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

இனி மாருத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தியர் ஒருவர் செய்யத்தக்க மாற்று வரலாற்று மாதிரிகளில் ஆகச் சிறந்தது கடற்படை மாருத் என்று நினைக்கிறேன். மாருத் கடற்படைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 கட்டப்பட்டன, எல்லாம் விமானப்படைக்கே. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் அவை தாக்குதல் நடத்திய அதே நாட்களில், வங்கக் கடலில் விக்ராந்தின் சீ ஹாக்குகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிக்கொண்டிருந்தன. சீ ஹாக் நாற்பதுகளின் இறுதியில் பிறந்த, நேரான இறக்கை கொண்ட, ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் விமானம். மாருத் பின்சரிந்த இறக்கையும் இரட்டை எஞ்சினும் கொண்டது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே போரில். அப்படியானால் மாருத்தைக் கப்பலில் ஏற்றியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

தோன்றியதும் அளவுகோலை எடுக்க வேண்டும். மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். 1/72 அளவில் 22 சென்டிமீட்டர் நீளம், 12.5 சென்டிமீட்டர் அகலம். சீ ஹாக்கின் நீளம் சுமார் 12.1 மீட்டர்தான். அகலம் பிரச்சினையே இல்லை. நீளம் ஏறக்குறைய நாலு மீட்டர் கூடுதல். ஆகவே லிஃப்டில் ஏற்ற, இறக்கையை அல்ல, மூக்கை மடக்க வேண்டும். சீ ஹாரியரின் மூக்கு அப்படித்தான் பக்கவாட்டில் மடங்கும். இறக்கையை மடக்கிவைத்த கடற்படை மாருத்தை ஒருவர் செய்து காட்டினால், அவர் அளந்து பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்தது பார்வை. மாருத்துக்கு நீண்டு கூரான மூக்கு. மூக்கை உயர்த்தி இறங்கும்போது விமானிக்குத் தளம் தெரியாது. பிற்காலத்தில் கடற்படைத் தேஜஸில் இதே சிக்கல் வந்தபோது மூக்கைக் கீழ்நோக்கிச் சரித்தார்கள். மாதிரியிலும் விமானி அறைக்கு முன்னால் உடலைக் குறுக்காக வெட்டி, மெல்லிய ஆப்பு வடிவத் துண்டை வைத்துச் சரிக்க வேண்டும். கொக்கிக்கு இடம் இரண்டு எஞ்சின் வாய்களுக்கும் நடுவே, அடியில். முன்சக்கரக் காலை நீட்ட வேண்டும். 1/72இல் 5 மில்லிமீட்டர் நீட்டினால் நிஜத்தில் 36 சென்டிமீட்டர்.

கடைசியில் எஞ்சின். இங்கேதான் மாற்று வரலாறு உண்மையில் தொடங்குகிறது. மாருத்துக்கு உரிய சக்தியுள்ள எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆர்ஃபியஸ் 703 என்ற, பின்னெரிப்பு இல்லாத எஞ்சின் இரண்டோடு அது ஒலிவேகத்தை எட்டவே திணறி வாழ்ந்து முடிந்தது. எகிப்தில் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் உருவாக்கிய இ-300 எஞ்சினை ஒரு மாருத்தில் பொருத்திப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அதுவும் கைகூடவில்லை. எடை கூடிய கடற்படை மாருத், அந்தப் பலவீனமான எஞ்சின்களோடு கப்பலிலிருந்து எழும்பியிருக்குமா? என் கணிப்பில் ஆயுதச் சுமையோடு எழும்பியிருக்காது. ஆகவே கடற்படை மாருத்தைச் செய்பவர் எஞ்சின் கதையைத்தான் முதலில் மாற்றி எழுத வேண்டும். விமானத்தின் பின்பகுதியில் வாய்களின் விட்டம் மாறினால்தான் அந்தக் கதை மாதிரியில் தெரியும். மாருத்துக்கே முதலில் ஒரு முழு அளவு மர மாதிரிதான் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1959இல் எஞ்சின் இல்லாத மரக் கிளைடராக அதைச் செய்து, டக்கோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டு, அதன் குணத்தைப் படித்தார்கள்.

மாருத்தைவிட நடந்திருக்கக்கூடிய இன்னொன்று அமெரிக்காவின் ஸ்கைஹாக். விக்ராந்தின் உடன்பிறப்பான ஆஸ்திரேலியாவின் ‘மெல்போர்ன்’ கப்பல், அறுபதுகளின் இறுதியிலிருந்து ஏ-4ஜி ஸ்கைஹாக்குகளைப் பறக்கவிட்டது. அந்த விமானத்தின் இறக்கை மடங்காது. 8.4 மீட்டர் அகலம்தான், மடங்க வேண்டிய தேவையே இல்லை. நீளம் சுமார் 12.2 மீட்டர், சீ ஹாக் அளவுதான். பொறியியல் எல்லாம் பொருந்துகிறது. பொருந்தாதது அரசியல். 1965 போரையொட்டி அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. இந்திய ஸ்கைஹாக் செய்பவர் வாலின் புலியைவிட அந்தத் தடையை எப்படித் தாண்டினார் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

விமானத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு நீராவியைச் சொல்ல வேண்டும். பழைய விக்ராந்த் நீராவிக் கப்பல். கொதிகலன்களின் நீராவியே கப்பலையும் ஓட்டியது, விமானத்தை வீசி எறியும் கேட்டபுல்டையும் இயக்கியது. 1971இல் அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த கப்பலில் தளத்தின் மேல் வீசும் காற்றும் குறையும். காற்றில்லாவிட்டால் விமானம் எழும்பச் சிரமம். அந்த அபாயத்தோடுதான் கப்பலைப் போருக்கு அனுப்பினார்கள். 1982 மே மாதத் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் ‘வெயின்டிசின்கோ தே மாயோ’ கப்பலில் ஸ்கைஹாக்குகள் குண்டுகளோடு தயாராக நின்றன, தென் அட்லாண்டிக்கில் அன்று பார்த்துக் காற்று இல்லை, தாக்குதல் கைவிடப்பட்டது. காற்று வீசியிருந்தால் ஃபாக்லாந்து போர் எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் கேட்கிறார்கள்.

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் சேர்ந்த புதிய விக்ராந்த் நான்கு கேஸ் டர்பைன்களால் ஓடுகிறது. அதில் கொதிகலன் இல்லை, ஆகவே நீராவிக் கேட்டபுல்டுக்கு வழியில்லை. அதனால்தான் முன்பக்கம் 14 டிகிரி மேடாக எழுந்த தளம். ‘புதிய விக்ராந்தில் கேட்டபுல்ட் பூட்டிய விமானம்’ என்று ஒரு மாதிரியை யாராவது காட்டினால், நீராவி எங்கிருந்து வந்தது என்று அனல் மின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்த எவரும் கேட்டுவிடுவார். மின்காந்தக் கேட்டபுல்ட் என்று பதில் சொன்னால், அதற்கு வேண்டிய மின்சாரம் எவ்வளவு, கப்பலில் அது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இந்த ஊரில் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆள் பஞ்சமில்லை.

தனிமனிதர் செய்யும் இந்தக் கற்பனையை அரசாங்கங்களும் நிறுவனங்களும் வேறு பெயரில் செய்கின்றன. 2011 பெங்களூர் ஏரோ இந்தியா கண்காட்சியில் யூரோஃபைட்டர் தரப்பு கப்பலுக்கேற்ற டைஃபூன் வடிவத்தை முன்வைத்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் ‘சீ கிரிபன்’ என்று ஒன்றை முன்வைத்தது. இரண்டும் கட்டப்படவில்லை. 2021 ஏரோ இந்தியாவில் நம் இரட்டை எஞ்சின் கப்பல்தளப் போர்விமானத்தின் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்னும் பறக்காத விமானம் அது. ஒற்றை எஞ்சின் கடற்படைத் தேஜஸோ பறந்தது, 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யாவில் இறங்கவும் செய்தது. ஆனால் 2016 டிசம்பரிலேயே கடற்படைத் தளபதி சுனில் லன்பா, எடை மிகுந்திருப்பதால் கப்பல் பணிக்கு அது போதாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டிருந்தார். தேஜஸுக்கென்று திட்டமிட்ட காவேரி எஞ்சின் எண்ணியபடி வந்திருந்தால் என்று யோசிக்காத இந்திய விமான ஆர்வலர் இருக்க முடியாது. 2008இல் அந்த எஞ்சின் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

நிஜமும் கற்பனையும் இடம் மாறிக்கொள்வதையும் பார்க்கிறோம். 2022இல் கோவாவின் தரைச் சோதனைத் தளத்தில் பிரான்ஸின் ரஃபேல்-எம், அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட் இரண்டும் மேட்டிலிருந்து எழும்பிக் காட்டின. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன் இந்திய வண்ணத்தில் ரஃபேல்-எம் செய்தவர் கற்பனைக்காரர். இப்போது அவர் முன்கூட்டிச் செய்தவர். சூப்பர் ஹார்னெட் செய்து வைத்தவரின் அலமாரியில் இருப்பது வராமல் போன வரலாறு. இரண்டு மாதிரிகளும் ஒரு மாறுதலும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன.

எதிர்ப்புகளையும் எடைபோட வேண்டும். உண்மையில் பறந்த விமானங்களையே இந்தியாவில் ஒழுங்காகச் செய்து வைக்க ஆளில்லாதபோது இல்லாததை ஏன் செய்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 1971இன் சீ ஹாக்கைச் செய்யாதவர் கடற்படை மாருத்தைச் செய்யக் கூடாது என்றே நானும் சொல்வேன். எது நிஜம் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் எது சாத்தியம் என்று தெரியும். கற்பனை மாதிரியின் படம் பரவி, பிள்ளைகள் அதை உண்மை என்று நம்பிவிடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. இது மெய்யான ஆபத்து. மாதிரியின் அடியில் ஒரு அட்டையில் ‘இது நடக்கவில்லை’ என்று முதல் வரியும், எந்தக் கண்ணி மாறியது என்று அடுத்த வரியும் எழுதாமல் காட்சிக்கு வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆயுதங்களைக் கொண்டாடுகிறது என்ற குற்றச்சாட்டும் வருகிறது. ஆனால் இந்த மாதிரிகளில் நேர்மையானவை பெரும்பாலும் தோல்விகளைப் பற்றியவை: கிடைக்காத எஞ்சின், வெட்டப்பட்ட நிதி, விரிசல்விட்ட கொதிகலன்.

மாற்று வரலாறு மேற்கத்தியரின் விளையாட்டு, நமக்கு அந்நியம் என்பாரும் உண்டு. அவர்களை நெய்வேலியிலிருந்து சிறிது நேரப் பஸ் பயணத்தில் உள்ள கடலூர்க் கரைக்கு அழைக்கிறேன். 1783 ஜூன் 20 அன்று அந்தக் கடலில் சுஃப்ரேன் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்படை ஹியூஸின் பிரிட்டிஷ் படையோடு மோதியது. கரையில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையைப் பிரிட்டிஷார் முற்றுகையிட்டிருந்தார்கள். கடற்போருக்குப் பின் பிரிட்டிஷ் கப்பல்கள் மெட்ராஸுக்கு விலகிப்போயின. முற்றுகை ஆட்டம் கண்டது. அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது. செய்தி இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் தென்னாற்காட்டின் வரலாறு எப்படிப் போயிருக்கும்? பிரெஞ்சு ஆட்சி 1954 வரை புதுச்சேரியில் இருந்த நிலத்தில் இது வெறும் விளையாட்டுக் கேள்வி ஆகாது.

வேலைமேசையைப் பற்றியும் கொஞ்சம். கிட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம், எரியக்கூடிய வண்ணங்களையும் பசையையும் விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். ஆனால் பெரிய மாற்றங்களுக்கு வேண்டியது எல்லாம் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. பழைய சி.டி. உறையின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன்தான்; கிட்டின் பிளாஸ்டிக்கோடு நன்றாக ஒட்டும். ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. கத்தியால் பலமுறை கீறிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். இடைவெளியை அடைக்க ஃபெவிக்விக்கில் முகப்பவுடரைக் குழைத்துத் தடவினால் நொடியில் இறுகும், முழுதாகக் கெட்டிப்படுவதற்குள் தேய்த்துவிட வேண்டும், விட்டால் கல்லாகிவிடும். மூக்கு போன்ற பெரிய வளைவுகளுக்கு எம்-சீல் நல்லது. ஈரக் கையால் வடிவம் கொடுத்து மறுநாள் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கலாம். உடைந்த ஹேக்ஸா பிளேடைச் சாணை பிடித்தால் பேனல் கோடு கீறும் கருவி தயார். கொக்கிக்குப் பித்தளைக் கம்பி. ஒன்றுதான் இந்த ஊரின் தனித் தொல்லை: சாம்பலும் நிலக்கரித் தூசும். வண்ணம் பூசிய உடன் மூடிவைக்கப் பெட்டி இல்லாவிட்டால், காய்வதற்குள் மேலே நுண்துகள் படிந்துவிடும்.

அசலைப் பார்க்காமல் செய்யக் கூடாது. சீ ஹாக்கும் அலிசேயும் சீ ஹாரியரும் கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் திறந்த வெளியில் நிற்கின்றன, சுற்றி வந்து பார்க்கலாம். மாருத் பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்திலும் விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. போகும்போது டேப்பும் நோட்டும் எடுத்துப் போங்கள். சக்கரக் கால்களின் இணைப்புகளையும், மாருத்தின் பின்பக்க வாய்களையும், சீ ஹாரியரின் மூக்குக் கீலையும் படமெடுங்கள். கிட்டின் படங்களில் இவை கிடைப்பதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் 1971இன் சீ ஹாக் ஒன்றை உள்ளது உள்ளபடி செய்யட்டும். அடுத்து இந்திய எஃப்.ஏ.2. மூன்றாவதாகக் கடற்படை மாருத். நெய்வேலியில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஃபிட்டர்களும் டிராஃப்ட்ஸ்மேன்களும் பாய்லர் ஆட்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து அந்த மூன்றாவதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். எடையும் நீராவியும் உலோகமும் அவர்களுக்குத் தெரியும். செய்து முடித்ததும் அட்டையை எழுத மறக்காதீர்கள்: இது நடக்கவில்லை, இந்த எஞ்சின் வராததால் நடக்கவில்லை.